ஒய்.பி. இன்ஜின் மாதிரி: வளைவில் டெண்டரின் மூலை ஓட்டுநர் அறையில் இடிக்கிறது, உண்மை வண்டியில் எப்படிச் சமாளித்தார்கள்?

கேள்வி: காட்பாடி மரவேலை

அனைவருக்கும் வணக்கம். கடந்த எட்டு மாதங்களாக மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) ஒய்.பி. வகை நீராவி இன்ஜின் ஒன்றை மரத்திலும் பித்தளைத் தகட்டிலும் செய்துவருகிறேன். தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். ஆகவே அளவை 1:22.5 என்று வைத்துக்கொண்டேன். என் தாத்தா காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓடிய வண்டிகளில் நெருப்புக்குக் கரி போடும் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். அவர் பயன்படுத்திய கரி அள்ளும் ஷவல் இன்றும் எங்கள் மாட்டுக் கொட்டகையில் சாணம் வாரிக்கொண்டிருக்கிறது; அதன் தகட்டில் இடது ஓரம் மட்டும் பிறை போலத் தேய்ந்திருப்பதைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

இன்ஜின் முடிந்தது, அதன் பின்னால் கரியும் நீரும் சுமந்து வரும் டெண்டரும் முடிந்தது. பழைய படங்களில் இருப்பது போலவே இரண்டையும் நெருக்கமாக இணைத்து, 1.2 மீட்டர் ஆரம் கொண்ட வளைவில் கையால் தள்ளிப் பார்த்தேன். டெண்டரின் முன் மூலை ஓட்டுநர் அறையின் பின் தூணில் இடித்து, இரண்டு வாரம் உட்கார்ந்து பற்றவைத்த கைப்பிடிக் கம்பியைப் பிய்த்துவிட்டது. உண்மையான இன்ஜின் இவ்வளவு சிறிய இடைவெளியை வைத்துக்கொண்டு எப்படி வளைந்தது என்பது என் முதல் கேள்வி. அத்துடன், ஓட்டுநர் அறையின் பின்பக்கத்தை ஏன் சுவர் வைத்து மூடாமல் விட்டார்கள், டெண்டருக்குள் நீரும் கரியும் எவ்வாறு பிரித்து வைக்கப்பட்டிருந்தன என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால், உள்பாகத்தையும் சரியாகச் செய்துவிடுவேன்.

பதில் 1: குடியாத்தம் இயந்திரவியல்

உங்கள் இணைப்பில் தவறு இல்லை, வளைவில்தான் சிக்கல். இந்திய ரயில்வேயில் மீட்டர் கேஜ் பாதைக்கு அனுமதிக்கப்பட்ட மிகக் கூர்மையான வளைவு 16 டிகிரி, அதாவது ஏறத்தாழ 109 மீட்டர் ஆரம். அதை 22.5ஆல் வகுத்தால் 4.8 மீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். நீங்கள் போட்டிருப்பதோ 1.2 மீட்டர். உண்மை அளவுக்கு மாற்றினால் 27 மீட்டர் ஆர வளைவில் ஒய்.பி.யைத் திருப்ப முயன்றிருக்கிறீர்கள். எந்தப் பாதை ஆய்வாளரும் அதற்குக் கையெழுத்துப் போடமாட்டார்.

கணக்குக்காக இன்ஜினின் நடுப்பகுதிக்கும் டெண்டரின் நடுப்பகுதிக்கும் உள்ள தூரத்தை 10 மீட்டர் என்றும், அகலத்தை 2.6 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 109 மீட்டர் ஆரத்தில் இரண்டுக்கும் இடையே உண்டாகும் கோணம் சுமார் 5 டிகிரி. வளைவின் உட்புறத்தில் மூலைகள் 12 சென்டிமீட்டர் அளவுக்கு நெருங்கும். உங்கள் வளைவில் கோணம் 21 டிகிரி ஆகிவிடுகிறது. நெருக்கம் உண்மை அளவில் அரை மீட்டரைத் தொடுகிறது. மாதிரியில் முதலாவது 5 மில்லிமீட்டர், இரண்டாவது 21 மில்லிமீட்டர். கைப்பிடிக் கம்பி பிய்ந்ததில் வியப்பில்லை.

பெரும்பாலானோர் செய்வது இதுதான்: இணைப்புப் பட்டையில் இரண்டு துளைகள் போடுங்கள். காட்சிக்கு வைக்கும்போது கிட்டத் துளை, ஓட்டும்போது தூரத் துளை. அத்துடன் டெண்டரின் முன் மூலைகளைக் கீழ்ப்பகுதியில் மட்டும் சிறிது சரிவாக இழைத்துவிட்டால் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

உண்மை வண்டியில் இன்ஜினையும் டெண்டரையும் சாதாரண கொக்கி இணைப்பு சேர்ப்பதில்லை. நடுவில் தடித்த இழுவைப் பட்டை ஒன்று. அதன் இரு முனைகளிலும் செங்குத்து ஊசிகள். அது முறிந்தால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் பாதுகாப்பு இணைப்புகள். இரண்டும் ஒன்றையொன்று மோதிக் குலுங்காதபடி இடையில் அழுத்து முட்டுகளும் உண்டு. ஷெட்டில் வைத்துத்தான் இந்த இணைப்பைக் கழற்றுவார்கள். நிலையத்தில் நின்று கழற்றும் பொருளன்று.

பதில் 2: ஜோலார்பேட்டை ஓய்வு

தம்பி, மேலே சொன்ன கணக்கு சரியானது. ஆனால் அந்த இடைவெளி ஏன் அவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்கு விடை உங்கள் மாட்டுக் கொட்டகையிலேயே இருக்கிறது. அந்த ஷவலை எடுத்து ஒருமுறை நீளம் பாருங்கள்.

ஃபயர்மேன் டெண்டரின் முன்பக்கம் திரும்பிக் கரியை அள்ளுகிறார். இடுப்பைத் திருப்பி, ஃபயர் கதவுக்குள் வீசுகிறார். இதற்கிடையே ஓர் அடிக்கு மேல் காலை நகர்த்தக் கூடாது. தூரம் கூடினால் ஒவ்வொரு அள்ளலுக்கும் நடக்க வேண்டும். குறைந்தால் ஷவலின் கைப்பிடி பின்னால் டெண்டரில் இடிக்கும். ஒரு மனிதர் வலது தோள் பக்கம் திருப்பி வீசும் வீச்சு எவ்வளவோ, அவ்வளவுதான் அந்த மேடையின் நீளம். கரி விழும் தட்டு முழங்கால் உயரத்தில் இருக்கவேண்டும், ஃபயர் கதவின் வாசல் அதற்கு ஏறத்தாழ ஒத்த உயரத்தில் இருக்கவேண்டும், ஓட்டுநரின் இருக்கை அந்த வீச்சுக்குக் குறுக்கே வராமல் ஓரத்தில் ஒதுங்கவேண்டும். ஓட்டுநர் அறை இன்ஜினிலும் கரி டெண்டரிலும் இருப்பதாக வரைபடம் காட்டும். வேலை செய்பவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே அறைதான்; தரை மட்டும் நடுவில் பிளந்திருக்கும்.

அந்தப் பிளவின்மேல் ஓர் இரும்புத் தட்டு கிடக்கும். ஒரு பக்கம் கீல், மறுபக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும். வண்டி ஓடும்போது இன்ஜின் ஒரு தாளத்தில் ஆடும், டெண்டர் வேறொரு தாளத்தில் ஆடும். அந்தத் தட்டு இரண்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு கால் இன்ஜினிலும் ஒரு கால் டெண்டரிலும் வைத்துக் கரி அள்ளப் பழகுவதற்குப் புதியவருக்கு மாதக் கணக்காகும். செருப்பின் நுனி தட்டுக்கு அடியில் சிக்கிய கதை எங்களில் பலருக்கும் உண்டு. உங்கள் மாதிரியில் அந்தத் தட்டின் மேற்பகுதியைப் பளபளப்பாகவும் சுற்றிலும் கரிப்பொடி படிந்ததாகவும் செய்யுங்கள். அது எப்போதும் தேய்ந்து மின்னிக்கொண்டே இருக்கும்.

உங்கள் தாத்தாவின் ஷவல் இடது ஓரத்தில் தேய்ந்திருப்பது, அவர் ஒரே பக்கமாகச் சாய்த்துத் தட்டின்மேல் உரசி அள்ளியதால்தான். தகட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

பதில் 3: ஆம்பூர் நோக்கர்

பின்பக்கத்தை மூடாதது பற்றி ஒரு மாற்றுக் கருத்து. ரஷ்யா, கனடா போன்ற குளிர்நாடுகளில் பின்னாலும் சுவர் வைத்து, டெண்டருடன் மடிப்புத் திரையால் இணைத்த அறைகள் இருந்தன. தொடக்கத்தில் எங்குமே கூரை கிடையாது. 1829ஆம் ஆண்டின் ராக்கெட் இன்ஜினில் ஓட்டியவர் வெட்டவெளியில் நின்றார், அதன் டெண்டரோ நீர்ப் பீப்பாய் ஒன்றை ஏற்றிய சிறிய வண்டி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை வந்த காலத்திலும் கூரை என்பது ஆடம்பரமாகவே கருதப்பட்டது. கூரை பின்னர்தான் நீண்டது, பக்கச் சுவர் வந்தது, சன்னல் வந்தது. ஒய்.பி. வந்ததோ 1949க்குப் பிறகு. 1970 வரை 871 இன்ஜின்கள் கட்டினார்கள். அவ்வளவு காலம் இருந்தும், தொழிலாளியின் வசதிக்காக ஒரு பின்சுவர் வைத்திருக்கலாமே? மழைக்குத் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டதெல்லாம் கஞ்சத்தனம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இதைவிட விசித்திரங்கள் நடந்தன. அகலமான ஃபயர்பாக்ஸ் (கரி எரியும் பெட்டி) பின்னால் இடத்தை அடைத்துக்கொண்டதால், ஓட்டுநர் அறையைப் பாய்லரின் நடுவில் ஏற்றி வைத்து, ஃபயர்மேனை மட்டும் பின்னால் தனியே விட்ட 'ஒட்டக முதுகு' இன்ஜின்கள் இருந்தன. சதர்ன் பசிபிக் நிறுவனம், சியரா நெவாடா மலைச் சுரங்கங்களிலும் பனிக் கொட்டகைகளிலும் புகையில் ஊழியர் மூச்சுத் திணறுவதைத் தவிர்க்க, இன்ஜினையே திருப்பிப் போட்டு ஓட்டுநர் அறையை முன்னால் கொண்டுவந்தது.

பதில் 4: ஜோலார்பேட்டை ஓய்வு

ஐயா, அக்னி நட்சத்திரத்தில் கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவே பகல் ஒரு மணிக்கு அந்த அறையில் நின்றிருந்தால் பின்சுவர் கேட்டிருக்கமாட்டீர்கள். சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தத்தில் பாய்லருக்குள் இருக்கும் நீர் 200 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கும்; பாய்லரின் பின்முகம் முழுவதும் உங்கள் மார்புக்கு நேரே நிற்கும். கதவைத் திறந்தால் நெருப்பு. வேலூர் வெயில் வெளியே. பின்னாலிருந்து வரும் காற்று ஒன்றுதான் ஆறுதல். கூரையில் காற்றுப்போக்கி உண்டு, பக்கத்தில் திறந்து மூடும் சன்னல்கள் உண்டு. ஆனால் பின்னால் திறந்திருந்ததால்தான் ஆள் நின்றார். மழைக்காலத்தில் தார்ப்பாய் நனைந்து முகத்தில் அறையும் என்பதையும் மறுக்கவில்லை. கஞ்சத்தனம் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன்.

நீங்கள் சொன்ன அந்த முன்னறை இன்ஜின்களில் ஒன்றைக் கவனியுங்கள்: அவை எண்ணெயில் எரிந்தவை. கரி என்றால் டெண்டர் பின்னாலும் ஃபயர்மேன் முன்னாலும் இருந்து எப்படி அள்ளுவது? எண்ணெயைக் குழாயில் அனுப்பலாம். கரிக்கு ஷவல்தான். ஷவல் இருக்கும்வரை அறை டெண்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒட்டக முதுகில் ஃபயர்மேன் தனியாக நின்றது ஓட்டுநருக்கு நல்லதாக இருக்கலாம். நெருப்பையும் நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டிய இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போவதை நான் ஏற்கமாட்டேன்.

பதில் 5: குடியாத்தம் இயந்திரவியல்

இப்போது டெண்டரின் உள்ளமைப்புக்கு வருகிறேன், ஏனெனில் கேட்டவர் அதைத்தான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு கிலோ கரி ஏறத்தாழ ஆறு ஏழு கிலோ நீரை ஆவியாக்கும். கரி மட்டமாக இருந்தால் இன்னும் குறையும். ஆகவே டெண்டரில் நீரே எடையில் பெரும்பங்கு. ஓர் இம்பீரியல் காலன் நீர் 10 பவுண்டு எடை. 3,000 காலன் கொள்ளும் தொட்டி நிறைந்தால் நீர் மட்டும் 30,000 பவுண்டு, அதாவது 13.6 டன். கரி முடிவதற்கு முன்பே நீர் முடியும் என்பதால்தான் வழியில் நீர் நிரப்பும் நிலையங்கள் கரி நிரப்பும் ஷெட்டுகளைவிட நெருக்கமாக அமைந்தன.

தொட்டி எளிய பெட்டியன்று. மேலிருந்து பார்த்தால் குதிரை லாடம் போலிருக்கும்: பின்னாலும் இரு பக்கங்களிலும் நீர், நடுவில் முன்புறம் திறந்த கரிக்குழி. குழியின் அடித்தளம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். கரி தானாகவே அள்ளும் தட்டை நோக்கிச் சரியவேண்டும் என்பதே நோக்கம். அந்தச் சாய்வின் அடியிலும் நீர்தான் நிற்கும். உங்கள் மாதிரியில் நீர் நிரப்பும் மூடியைப் பின்பக்கம் மேலே வையுங்கள், அருகே ஏணி.

பல டன் நீர் உள்ளே ஒரே பரப்பாக நின்றால், பிரேக் போட்டவுடன் முன்னால் பாய்ந்து மோதும்; வளைவில் பக்கவாட்டில் ஏறி உருளப் பார்க்கும். அதற்காகத் துளையிட்ட தடுப்புத் தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும். வெளியே தெரியாது, மாதிரியில் செய்யத் தேவையில்லை. ஆனால் நீங்கள் செய்வீர்கள் என்று நினைக்கிறேன்.

தொட்டியின் அடியில் வடிகட்டி, அங்கிருந்து நெகிழ்குழாய்கள் இன்ஜினுக்கு. அவை போய்ச் சேருவது இன்ஜெக்டருக்கு. பிரான்சின் ஹென்றி ஜிஃபார் 1858இல் கண்டுபிடித்த இந்தக் கருவியில் நகரும் பாகமே கிடையாது; பாய்லரின் நீராவியையே வேகமாகச் செலுத்தி, அதன் வேகத்தைக் கொண்டு நீரை அதே பாய்லரின் அழுத்தத்துக்கு எதிராக உள்ளே தள்ளுகிறது. முதன்முறை கேட்டபோது நானே நம்பவில்லை. இந்த வேலைக்கு வரும் நீராவி தொட்டி நீரில் கலந்து குளிர்ந்து நீராகவேண்டும். ஆகவே தொட்டி நீர் சூடாக இருந்தால் இன்ஜெக்டர் பிடிக்காது, நீரை வெளியே உமிழ்ந்துவிடும்.

பதில் 6: ஆம்பூர் நோக்கர்

அப்படியென்றால் வேலூர் வெயிலில் சும்மா நின்றிருந்த டெண்டரின் நீரே பகையாகியிருக்கவேண்டுமே? நீரைச் சூடாக்கி அனுப்பினால் கரி மிச்சம் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன்.

பதில் 7: குடியாத்தம் இயந்திரவியல்

வெயிலால் மட்டும் பெரும்பாலும் அவ்வளவு கெடாது. இன்ஜெக்டரின் நீராவி வால்வு கசிந்து, அந்தச் சூடு திரும்பித் தொட்டிக்குள் போவதே பெரும்பாலான தொல்லைக்குக் காரணம். நீங்கள் நினைத்த கரி மிச்சம் உண்மையே. ஆனால் அதற்குத் தொட்டியில் சூடேற்றக் கூடாது. பாய்லருக்குப் போகும் வழியில், வெளியேறும் நீராவியைக் கொண்டு சூடேற்றவேண்டும்.

'தண்ணீர் இல்லாத ஆறு' என்று நம் பாலாற்றைக் கேலி பேசுவார்கள் அல்லவா, அந்தக் கேலியையே பொறியியல் சிக்கலாக எடுத்துக்கொண்டவர்கள் தென்னாப்பிரிக்கர்கள். காரூ வறள்நிலத்துக்கென 1953 முதல் வந்த கிளாஸ் 25 இன்ஜின்களில், வெளியேறும் நீராவியை வீணாக்காமல் டெண்டருக்குக் கொண்டுபோய், விசிறிகள் வைத்துக் குளிரச் செய்து, மீண்டும் நீராக்கிப் பாய்லருக்கு அனுப்பினார்கள். 90 இன்ஜின்களை அப்படிக் கட்டினார்கள். டெண்டர் இன்ஜினைவிட நீளமாகிவிட்டது; பராமரிப்புச் செலவும் அதற்கேற்றபடி ஏறி, பிற்காலத்தில் ஏறத்தாழ எல்லாவற்றையும் சாதாரண டெண்டருக்கு மாற்றினார்கள்.

இதற்கு நேர்மாறான தீர்வு நம் நீலகிரியில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். அங்கே ஓடும் எக்ஸ் வகை இன்ஜின்களுக்கு டெண்டரே கிடையாது, நீரும் எரிபொருளும் இன்ஜினின் மேலேயே. நீரின் எடை சக்கரங்களை அழுத்துவதால் பிடிமானம் கூடும். நீர் குறையக் குறையப் பிடிமானமும் குறையும். டெண்டர் இன்ஜினில் அந்த மாற்றம் இல்லை. கரி தீர்ந்தாலும் நீர் தீர்ந்தாலும் இழுக்கும் சக்கரங்களின் மேலுள்ள எடை ஏறத்தாழ அப்படியே நிற்கும்.

பதில் 8: காட்பாடி மரவேலை

இவ்வளவு விரிவாக எழுதியமைக்கு நன்றி. ஷவலைக் கழுவி அளந்தேன்: முனையிலிருந்து பிடிவரை 3 அடி 2 அங்குலம். மாதிரி அளவில் 43 மில்லிமீட்டர். என் மாதிரியில் ஃபயர் கதவிலிருந்து கரித் தட்டு வரை 62 மில்லிமீட்டர் இருக்கிறது, உண்மையில் 1.4 மீட்டர். ஜோலார்பேட்டை ஐயா சொன்ன வீச்சுக்கு இது சரியாக வருமா?

ஓட்டுநர் அறைக்குள் என்னென்ன கட்டாயம் தெரியவேண்டும் என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும். நீராவியைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கைப்பிடி, திசைமாற்றும் சக்கரம், அழுத்தமானி, பிரேக் ஆகியவற்றைச் செய்துவிட்டேன்.

பதில் 9: ஜோலார்பேட்டை ஓய்வு

வரும். அந்த இடத்தில் ஒரு ஆள் பொம்மையைச் செய்து நிறுத்தி, கையில் ஷவல் கொடுத்துத் திருப்பிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே திருத்துங்கள். இன்ஜின் கட்டியவர்களும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

நீங்கள் விட்டது கேஜ் கிளாஸ். இரண்டு இருக்கவேண்டும். பாய்லரில் நீர் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் கண்ணாடிக் குழாய் அது. உடைந்தால் முகத்தில் தெறிக்காதபடி மூன்று பக்கம் தடித்த கண்ணாடிக் காப்பு இருக்கும். காப்பின் பின்னால் கறுப்பு வெள்ளைச் சாய்கோடுகள் போட்ட தகடு வைப்பார்கள். நீர் இல்லாத பகுதியில் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்து தெரியும். நீர் நிற்கும் பகுதியில் அதே கோடுகள் மறுபக்கம் சாய்ந்து தெரியும். இருட்டிலும் அரைக் கண்ணில் மட்டம் புரிந்துவிடும். சிறு தகட்டில் ஊசி முனையால் அந்தக் கோடுகளைக் கீறிவிடுங்கள். உங்கள் தாத்தா ஒரு பணிநாளில் நூறு முறை பார்த்தது அதைத்தான்.

அகலப் பாதையான பிராட் கேஜில் ஓடிய டபிள்யூ.பி. இன்ஜினில் கரி எரியும் தட்டு 46 சதுர அடி. அதற்கு ஓட்டுநருடன் இரண்டு ஃபயர்மேன்கள். ஒருவர் நெருப்பைப் பார்ப்பார், மற்றவர் டெண்டருக்குள் ஏறிக் கரியை முன்னே தள்ளுவார், பெரிய கட்டிகளைச் சுத்தியலால் உடைப்பார். அடித்தளம் சாய்ந்திருக்கிறது என்று மேலே ஐயா எழுதினார். சாய்வு பாதி வேலைதான் செய்யும், மீதியை ஆள் செய்யவேண்டும். ஆகவே டெண்டரின் முன் ஓரத்தில் ஒரு சுத்தியலும் தீக்கிளறும் நீண்ட கம்பிகளும் சாத்தியிருக்கட்டும். கரிப்பொடி பறக்காமலிருக்க நீர் தெளிக்கும் ரப்பர் குழாய் ஒன்றும் வையுங்கள். இன்ஜெக்டரிலிருந்து வருவதால் அது கொதிநீரையே தெளிக்கும். நாங்கள் கையைச் சுட்டுக்கொண்டபின்தான் அதைக் கற்றோம்.

பதில் 10: காட்பாடி மரவேலை

பொம்மை வைத்துப் பார்த்தேன். ஷவலின் கைப்பிடி ஓட்டுநரின் இருக்கையில் இடித்தது; இருக்கையை 4 மில்லிமீட்டர் ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறேன். இணைப்புப் பட்டையில் இரண்டு துளைகள் போட்டாயிற்று. தூரத் துளையில் 1.2 மீட்டர் வளைவை இடிக்காமல் கடந்தது. பிய்ந்த கைப்பிடிக் கம்பியை மறுபடி பற்றவைத்தபின் படம் போடுகிறேன்.

இடைத் தட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் கீல் வைத்திருக்கிறேன். மறுபக்கம் டெண்டரின் மேல் சும்மா உட்கார்ந்து, தள்ளும்போதெல்லாம் மெல்லிதாகக் கிறீச்சிடுகிறது. அதற்கு எண்ணெய் போடவில்லை.